எல்லாரும் ஏறியாச்சா?

"நாலரைன்னா நாலரையேவா, இல்ல நாலரை வாக்குலயா?" என்று கேட்டார் கிறிஸ்பின் ஒவெலார்.

ஆராமி கையிலிருந்த கடிதத்தை இன்னொரு முறை பார்த்தாள். தலைநகரத்திலிருந்து வந்த கடிதம். முழுக்க ஸ்பானிய மொழி. அந்த வீட்டில் அதைத் தடுமாறாமல் வாசிக்கக் கூடியவள் அவள் ஒருத்திதான். வாசித்ததை அவர்களுடைய குவாரனியில் சொன்னாள்.

"நாலரையேதான் பெரியப்பா. பிலார் நிலையத்துல இருந்து சாயங்காலம் நாலரைக்கு வண்டி புறப்படணும். பதினஞ்சு நாள் ஒரு ஆள் கூடவே உக்காந்து பார்ப்பாராம். மூணு தடவை தாமதமானா அடுத்த பத்து வருஷத்துக்கு இந்த வழி நமக்குக் கிடையாது."

"அம்பது வருஷமா ஓட்டிட்டு இருக்கமே, அதைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

"ஒண்ணும் எழுதல."

அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா பிலோமேனா கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்: "உங்க பெரியப்பா கல்யாணத்துக்கே ரெண்டு மணி நேரம் லேட்டு. பாதிரியார் சாப்பிடப் போயிட்டாரு. ஏன்யான்னு கேட்டா, ஒருத்தர் இன்னும் வண்டி ஏறலையாம்."

"ஏறலதான். உன் அக்காக்காரி. அவ இல்லாம கல்யாணம் முடிஞ்சிருந்தா இன்னிவரைக்கும் நீ என்னை விட்டிருப்பியா?"

பிலோமேனாவின் கத்தியிலிருந்து கிழங்குத் தோல் சற்று வேகமாக விழுந்தது.

கிறிஸ்பின் தேயிலை போன்ற இலைத்தூள் போட்ட கொம்புக் குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றிக் குழலால் உறிஞ்சிவிட்டு, மறுபடி நிரப்பி ஆராமியிடம் நீட்டினார். பிலார் ஆஸ்பத்திரியில் டாக்டர் வருவதே மூன்று மணிக்குமேல் என்றார். நாலரைக்கு எடுத்தால் வண்டியில் தானும் அந்தப் பார்வையாளரும்தான் இருப்போம், வேண்டுமானால் இருவரும் சீட்டு விளையாடிக்கொண்டு வரலாம் என்றார். ஆராமி சிரிக்கவில்லை. பதினைந்து நாள்தான், அதற்குப் பிறகு பழையபடி ஓட்டலாம் என்று மட்டும் சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. டிக்கெட் குடுக்கிற ஜன்னல்ல இருக்கிறது நீ. யாரு வரணும், யாரு இன்னும் வரலன்னு உனக்குத்தான் தெரியும். எல்லாரும் ஏறியாச்சான்னு உன்னைக் கேப்பேன். ஆச்சுன்னு நீ சொன்னா எடுத்துருவேன்."

"சரி பெரியப்பா" என்றாள் ஆராமி.

அன்றைய பேச்சு அத்துடன் முடிந்தது.

கிறிஸ்பினின் அப்பா பொலிகார்ப்போ மாடு மேய்த்தவர். பண்ணைக்காரர் கழித்துக் கட்டிய ஒரு லாரியை வாங்கி, அதன்மேல் தச்சனை வைத்து மரக்கூடு கட்டி, நான்கு பெஞ்சு போட்டு, லோமா என்ற தன் ஊருக்கும் ஆற்றங்கரைப் பட்டணமான பிலாருக்கும் நடுவே ஓட்டத் தொடங்கினார். எழுபது கிலோமீட்டர். இருபுறமும் சதுப்பு, நடுவில் களிமண் பாதை. வெயிலில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். மழை பெய்தால் போகவே முடியாது. பாதை காப்பவன் இரு முனையிலும் சங்கிலியை இழுத்துப் பூட்டிவிடுவான். வெயில் வந்து மண் இறுகும்வரை மாட்டு வண்டிக்குக்கூட வழி கிடையாது. சங்கிலிக்கு முன்னால் வண்டியிலேயே மூன்று நாள் கிடந்தவர்கள் உண்டு. அப்படிக் கிடந்த ஒரு மழையில்தான் ஊரின் இரண்டு கல்யாணங்கள் நிச்சயமாயின என்று சொல்வார்கள்.

பொலிகார்ப்போவுக்கு எழுத்து தெரியாது. காலையில் ஒருவர் பிலாருக்கு ஏறினால் சட்டையின் இடது பையில் ஒரு மக்காச்சோள மணியைப் போடுவார். மாலையில் அந்த ஆள் திரும்ப ஏறும்போது அந்த மணி வலது பைக்குப் போகும். இடது பை காலியானால் வண்டி புறப்படும். அதுதான் கால அட்டவணை. காலையில் கூட்டிக்கொண்டு போன ஆளை மாலையில் வீட்டில் சேர்க்காமல் வண்டி திரும்பியதில்லை. ஒருமுறை பல் பிடுங்கிக்கொண்டு மயங்கிக் கிடந்த ஒருவனுக்காக இரவு ஒன்பது வரை நின்றது. காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், சிப்பா ரொட்டி வாங்கித் தின்பார்கள், அரசாங்கத்தைத் திட்டுவார்கள். ஆனால் வண்டியை எடு என்று யாரும் சொன்னதில்லை. சொன்னவன் அடுத்த வாரம் தானே தாமதமாக வந்து நிற்க வேண்டியிருக்கும்.

கிறிஸ்பினுக்கு எழுதப் படிக்கத் தெரியும். இருந்தாலும் சோளத்தை விடவில்லை. காகிதத்தை ஈரம் தின்றுவிடும் என்பார்.

'ஒவெலார் சகோதரர்கள்' என்று வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்ததே ஒழிய, கடைசியில் மிஞ்சிய சகோதரர் அவர் ஒருவர்தான். நடுத்தம்பி காய்ச்சலில் போனான். கடைத்தம்பியான ஆராமியின் அப்பா, அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு புவெனோஸ் அயர்ஸுக்குக் கொத்துவேலைக்குப் போனார். ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்று வண்டிகளில் ஒன்றை வெள்ளம் கொண்டுபோனது. இன்னொன்றை உதிரி உதிரியாகக் கழற்றி மூன்றாவதற்கு மாட்டினார்கள். அந்த மூன்றாவது, ஆராமியைவிட நான்கு வயது மூத்த ஒரு மெர்சிடிஸ்.

பிள்ளையில்லாத கிறிஸ்பினும் பிலோமேனாவும் ஆராமியைப் பிலாரில் படிக்க வைத்தார்கள். இரண்டு மொழியிலும் நன்றாக எழுதினாள். இரண்டிலும் குறைவாகவே பேசினாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, பிலார் நிலையத்தில், ஒவெலார்களின் சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

ஐம்பது வருடமாக யாருக்கும் வேண்டாத அந்தக் களிமண் வழி திடீரென்று எல்லோர் கண்ணிலும் பட்டதற்குக் காரணம், அதற்குத் தார் போடப் போகிறார்கள் என்ற செய்தி. தலைநகரத்துக் கம்பெனி ஒன்றும் விண்ணப்பம் போட்டிருந்தது. வழி போய்விட்டால் கிறிஸ்பின் வேறு எதையும் ஓட்டப் போவதில்லை என்பது ஆராமிக்குத் தெரியும். அவருக்கு வேறு பாதையும் தெரியாது, வேறு வேலையும் தெரியாது. அவர் மாடு பிடித்ததில்லை, விதைத்ததில்லை. பதினாறு வயதிலிருந்து அவர் உட்கார்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

பார்வையாளராக வந்தவர் வில்யால்பா என்ற இளைஞர். கெட்டவர் இல்லை. பிலோமேனா கொடுத்தனுப்பிய சிப்பாவைக் கூச்சத்துடன் வாங்கித் தின்றார். குழிகளில் வண்டி குதிக்கும்போது தொப்பியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் நாலரை ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பேனாவை எடுப்பார்.

நான்காம் நாள் முதல் தாமதம். பிரசவத்துக்கு வந்த பெண்ணின் அம்மா, குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் வர முடியாது என்றுவிட்டாள். ஒன்பதாம் நாள் இரண்டாவது. அண்ணன் தம்பி இருவர் ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கிவிட்டு, அதை நடுத்தெருவில் வைத்துக்கொண்டு யார் முன்பக்கம் பிடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியே இறங்கிப் போய்த் தூக்கி வந்தது. வில்யால்பாவும் ஒரு மூலையைப் பிடித்தார். பிடித்துவிட்டு வந்து தாமதம் என்று எழுதினார்.

அதன்பிறகு ஆராமி காலையிலேயே ஒவ்வொருவரிடமும் நாலரை, நாலரை என்று சொல்லத் தொடங்கினாள். அவளுக்கு அதுவே பெரிய பேச்சு. ஐந்து நாள் சரியாகப் போயிற்று.

பதினைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்குத் தியோலிந்தா ஜன்னலுக்கு வந்தாள். லோமாவின் கடைசி வீடு அவளுடையது. முந்தைய வாரம்தான் புருஷன் அனஸ்தாசியோ இறந்திருந்தார். இறந்தவருக்காக ஒன்பது இரவு ஜெபம் நடத்துவது வழக்கம், அன்றைக்கு எட்டாவது. மறுநாள் சனிக்கிழமை இரவு ஒன்பதாவது. ஒன்பதாம் இரவுதான் முக்கியம். ஊர் முழுக்க வரும். வந்தவர்களுக்குச் சிப்பாவும் காப்பியும் வீட்டுக்காரி கையால் தர வேண்டும். ஜெபம் முடிந்ததும் வீட்டில் அமைத்த பீடத்தின் மெழுகுவத்திகளை அவள்தான் ஒவ்வொன்றாக அணைத்துப் பீடத்தைக் கலைக்க வேண்டும். அதன்பிறகுதான் போனவர் போய்ச் சேர்கிறார்.

"போட்டோ இல்லாம ஒரு பீடமா?" என்றாள் தியோலிந்தா. "அந்த மனுஷன் வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை போட்டோ எடுத்தாரு, அதுவும் அடையாள அட்டைக்கு. நகம் பெருசு. அதைப் பெருசாக்கிச் சட்டம் போட்டுக் குடுன்னு ஸ்டுடியோவுல குடுத்திருக்கேன். அஞ்சு மணிக்குத் தர்றேங்கிறான். கிறிஸ்பின்கிட்டச் சொல்லு மகளே, கொஞ்சம் நிக்கச் சொல்லு."

இன்றைக்கு மட்டும் நிற்க முடியாது அம்மா என்று ஆராமி சொல்லியிருக்கலாம். ஸ்டுடியோவுக்குப் போய் நாலு மணிக்கே கேட்டுப் பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். கறுப்பு முக்காடு போட்ட அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு வாய் எழவில்லை.

"சரிம்மா" என்றாள்.

நான்கு மணிக்குத் தெற்கே மேகம் ஏறியது. நாலே காலுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். கிறிஸ்பின் படியருகே நின்று ஒவ்வொரு மணியாக இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றினார். வில்யால்பா முன் இருக்கையில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். நாலு இருபத்தாறுக்குக் கிறிஸ்பின் ஜன்னலுக்கு நடந்து வந்தார். உள்ளங்கையில் ஒரே ஒரு சோளமணி.

"தியோலிந்தா இன்னும் வரல போல."

ஆராமி அந்த மணியைப் பார்த்தாள். ஒன்பதாம் இரவு நாளைக்குத்தானே என்று நினைத்தாள். காலையில் ஏதாவது ஒரு லாரியில் ஏற்றிவிட்டால்கூட மதியத்துக்குள் வீட்டில் இருப்பாள். ஒரு ராத்திரி. ஒரு ராத்திரிக்காகப் பத்து வருடம் போக வேண்டுமா? மேகம் வந்தால் என்ன, எத்தனை மேகம் பெய்யாமல் போயிருக்கிறது.

"அவங்க மருமகனோட லாரியில மத்தியானமே போயிட்டாங்க பெரியப்பா. எல்லாரும் ஏறியாச்சு."

"அப்படியா. நல்லதாப் போச்சு" என்றார். கையிலிருந்த மணியை நடைமேடைப் புறாக்களுக்கு வீசிவிட்டுப் போனார். வண்டி நாலு இருபத்தொன்பதுக்கு நகர்ந்தது.

ஐந்தேகாலுக்குத் தியோலிந்தா செய்தித்தாள் சுற்றிய சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வேகவேகமாக வந்தாள். வெறும் நடைமேடையைப் பார்த்தாள். வண்டி டீசல் போடப் போயிருக்கிறதா என்று கேட்டாள்.

"இல்லம்மா. கிளம்பிருச்சு."

"யாரு ஓட்டிட்டுப் போனா?"

"பெரியப்பாதான்."

தியோலிந்தா அதை நம்பவில்லை. கிறிஸ்பின் எண்ணும்போது ஏதோ தப்பாகிவிட்டது, பாதி வழியில் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான் என்று சொல்லிவிட்டு, பாதையைப் பார்த்தபடி இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். என் அறைக்கு வாருங்கள் என்று ஆராமி இரண்டு முறை கூப்பிட்டாள். அவன் வந்து தேடினால் நான் இங்கே இருக்க வேண்டாமா என்றாள் தியோலிந்தா. இருட்டும் நேரத்தில் மழை பிடித்தது. முதல் துளியிலேயே தெரிந்துவிட்டது, அது நின்றுபோகும் மழை இல்லை.

சனிக்கிழமை விடிவதற்குள் சங்கிலி பூட்டிவிட்டார்கள். தியோலிந்தா லாரிக்காரர்களிடம் கேட்டாள், போலீஸிடம் கேட்டாள், ஒரு குதிரை கிடைக்குமா என்று கேட்டாள். அன்று மாலை, ஊரில் ஜெபம் தொடங்கும் நேரத்தில், போட்டோவைப் பிரித்துச் சீட்டு ஜன்னலின் திட்டில் சாய்த்து வைத்தாள். நகத்தளவு முகத்தைப் பெரிதாக்கியதில் அனஸ்தாசியோ புகைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருந்தார். ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, "நீ படிச்சவ. பதில் ஜெபம் சொல்லு மகளே" என்றாள். ஆராமிக்கு அந்த ஜெபங்கள் இரண்டு மொழியிலும் தெரியும். எதிலும் குரல் வரவில்லை. தியோலிந்தா கேள்வியையும் பதிலையும் தானே சொல்லி முடித்தாள்.

எழுபது கிலோமீட்டர் தள்ளி, பிலோமேனாதான் வந்தவர்களுக்குச் சிப்பா கொடுத்தாள். மெழுகுவத்திகளை அணைக்க யாரும் முன்வரவில்லை. அவை தாமாகவே எரிந்து தீர்ந்தன.

மழை ஐந்து நாள் பெய்தது. ஏழாம் நாள் சங்கிலி திறந்தது. கிறிஸ்பினின் வண்டி சேறு அப்பிய உடம்போடு நிலையத்துக்கு வந்து நின்றது. ஆராமி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். தியோலிந்தா படியருகே போனாள். கையில் சட்டம். கிறிஸ்பின் ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். தியோலிந்தா கையை விரித்தாள். மருமகனா, எந்த மருமகன் என்பதுபோல. கண்ணாடி இருந்ததால் ஆராமிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கிறிஸ்பின் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். வெகுநேரம் பார்க்கவில்லை. பிறகு தியோலிந்தாவின் கையிலிருந்த சட்டத்தை வாங்கி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், சட்டை மடித்து வைக்கும் இடத்தில், முகம் மேலே தெரிய வைத்தார்.

திட்டுவார் என்று ஆராமி அன்று காத்திருந்தாள். அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தாள். மாலையில் அவர் ஜன்னலுக்கு வருவதுதான் நின்றுபோனது. எல்லாரும் ஏறியாச்சா என்று அவளைக் கேட்பதில்லை. தானே நடைமேடையின் கோடிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறுவார்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. ஆராமி அதே முற்றத்தில் உட்கார்ந்து வாசித்தாள். வழி தலைநகரத்துக் கம்பெனிக்கு. இருபது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இனி அனுமதி இல்லை என்பது காரணம். அந்த விதி கடிதத்துக்கு இரண்டு வாரம் முன்னால்தான் வந்திருந்தது.

பிலோமேனா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள். அவளிடமும் கேலி இல்லை.

"நேரத்தைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கானா?" என்று கேட்டார் கிறிஸ்பின்.

ஆராமி தேடிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் இருந்தது. "நேரம் தவறாமை, திருப்திகரம்னு இருக்கு."

"திருப்தி" என்றார் அவர். அவ்வளவுதான். எழுந்து போய் வண்டியின் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அந்தக் கற்களை அதற்குப்பிறகு யாரும் எடுக்கவில்லை.

புதிய கம்பெனியின் வண்டிகள் வெள்ளை. உள்ளே குளிரும். லோமாவுக்கு உள்ளே வராமல் முக்கியச் சாலையிலேயே நிற்கும். தார் இன்னும் பாதிவரைதான் வந்திருந்தது. மேகம் கறுத்தால் அன்றைய வண்டி ரத்து என்று ஒரு பலகை வைத்துவிடுவார்கள். இரு மொழியும் தெரிந்த ஆள் ஜன்னலுக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது ஆராமி கிறிஸ்பினிடம் வந்து நின்றாள். "போ. பழகின ஜன்னல்தானே" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சாதாரணமாகச் சொன்னாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

மறு வருடம் அவருக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்தது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி வேண்டும் என்றார்கள். லோமாவிலிருந்து வந்து போக முடியாது. பிலோமேனா கோழிகளோடு ஊரிலேயே இருந்துவிட, அவர் பிலாரில் ஆராமியின் அறைக்கு வந்து சேர்ந்தார். நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. வண்டிகள் பின்னோக்கி வரும்போது எழும் பீப் சத்தம் படுக்கைவரை கேட்கும். நாலரை ஆனால் ஹாரன் ஒருமுறை ஒலிக்கும். அந்த நேரத்துக்கு அவர் கண்களை மூடிக்கொள்வார். பயிற்சியால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று டாக்டர் ஆராமியிடம் தனியாகச் சொல்லிவிட்டார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் தீர்மானித்தாள். அப்படித் தீர்மானித்தபோது அவளுக்கே திக்கென்றது.

ஒரு வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் வந்தவள், கொம்புக் குவளையை அவருடைய உதட்டருகே பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கை மூடாது. இடது கை நடுங்கும். அவர் கொஞ்சம் குடித்துவிட்டுப் போதும் என்று முகத்தை நகர்த்தினார். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். தெற்கே கறுத்திருந்தது. வாயின் ஒரு பக்கத்தால் மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.

"நாலரைக்கு அந்த வண்டி போயிரும். யாருக்காகவும் நிக்காது. தெரியும். அதை நீ நிறுத்தவும் முடியாது."

"ஆமா பெரியப்பா."

"போனதுக்கு அப்புறம் ஜன்னலை மூடிட்டு, நடைமேடையில அந்தக் கோடி வரைக்கும் போய்ப் பாரு. நம்ம ஊர்க்காரங்க யாராவது விட்டுப்போயிருந்தா இங்க கூட்டிட்டு வா. தரையில பாய் போட்டுக்கலாம்." மூச்சு வாங்கினார். "யாரும் இல்லைன்னா இல்லைன்னு வந்து சொல்லு. ஆனா இருக்கிறப்போ இல்லைன்னு மட்டும் சொல்லாத, மகளே."